அது ஆட்காட்டி விரல் அல்ல

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். நேற்று மட்டும் மூன்று தரம் தொலைபேசியில் கதைத்துவிட்டோம். மூன்று தரமும் இதைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் தரம் நீ பெட்டியின் நிறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். இரண்டாம் தரம் நான் மிளகாய்த்தூளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் தரம் அப்பா கதவடியில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று போக்குவரத்துப் பொலிஸ்காரர் மாதிரிக் கையைக் காட்டினார். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அப்பாவாலும் கையைக் காட்ட முடியாது. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். கழற்றினால் கால் நீட்டத் தோன்றும், நீட்டினால் நித்திரை வரும், நித்திரை வந்தால் தைரியம் போய்விடும்.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். உன் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் பிழை. பழைய அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர்களைப் பற்றி ஆறு வருடம் கண் சிவக்கப் படித்து நீ எழுதியதில் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீ இரவல் வாங்கிய அந்தப் பழைய ஓவிய அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் சிவப்பு விரல் அடையாளத்தைப் பற்றி நீ எழுதியது பிழை. புத்தகம் இந்த மாதக் கடைசியில்தான் அச்சுக்குப் போகிறது. நீ அமெரிக்காவுக்குப் பறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அங்கே படித்த மனிதர்கள் நிறைந்த மண்டபத்தில் நீ பேசப்போவதும் அந்த அடையாளத்தைப் பற்றித்தான். பேசி முடித்தபிறகு நான் சொன்னால் உனக்கு முகம் காட்ட இடம் இருக்காது. அதனால் இப்போதே சொல்கிறேன். அந்த விரலை வைத்தது நியூயோர்க்கில் ஐம்பதுகளில் இருந்த எந்தப் பெண்ணும் அல்ல. இங்கே ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருக்கும் நான்தான்.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

இதைச் சரியாகச் சொல்வதானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். உன்னுடைய வகுப்பாசிரியை, நீ கணக்குக் கொப்பியின் ஓரமெல்லாம் முகமூடி போட்ட மனிதர்களைக் கீறுகிறாய் என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் பாராட்டாகச் சொன்னார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம், பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் கிம்னாசியம் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போகப்போகிறது என்பது மட்டும்தான். வீட்டுக்கு வந்து உன் கட்டிலுக்குக் கீழே இருந்த சித்திரக்கதைப் புத்தகங்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய்க் கடதாசிக் குப்பைக்குரிய நீல வாளியில் போட்டேன். நீ அழுதுகொண்டு படியிறங்கி வந்தாய். "அம்மா, அதில ரெண்டு புத்தகம் என்ர இல்லை, இரவல் வாங்கினது" என்றாய். "இரவல் தந்தவனுக்கும் படிப்பு வரட்டும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்துக் கன வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு உன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நீ எனக்கு அனுப்பினாய். ஐம்பதுகளில் அமெரிக்கத் தாய்மார் பிள்ளைகளின் சித்திரக்கதைகளைப் பறித்துப் பள்ளிக்கூட முற்றங்களில் குவித்து நெருப்பு வைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளை இவை கெடுக்கின்றன என்று பெரிய விசாரணையே நடந்ததாம். பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு சங்கம் வைத்து, புத்தக மேலட்டையில் முத்திரை குத்தி, பேய்க்கும் பிணத்துக்கும் தடை போட்டார்களாம். எத்தனையோ ஓவியர்களுக்கு வேலை போய், சிலர் விளம்பரம் கீறப் போனார்களாம், சிலர் தூரிகையையே வைத்துவிட்டார்களாம். அதை வாசித்தபோது என்னைப் பார்த்தே நீ எழுதியிருக்கிறாய் என்று எனக்குச் சுருக்கென்றது. அப்பாவிடம் சொன்னேன். அவர், "நீர் நெருப்பு வைக்கேல்லையே, நாட்டுச் சட்டப்படி பிரிச்சு நீல வாளியிலதானே போட்டனீர்" என்று ஆறுதல் சொன்னார். அந்த மனிதரின் ஆறுதலில்தான் நான் முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்துகிறேன்.

இன்னொரு குற்றத்தையும் இதோடு சேர்த்துக் கொட்டிவிடுகிறேன். நீ கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தபோது கோயிலில் சரசக்கா கேட்டா, "தம்பி என்ன படிக்கிறார்?" என்று. "அமெரிக்க வரலாறு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. படக்கதை கீறினவர்களைப் பற்றிப் படிக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ எழுதியிருக்கிறாயே, அந்த ஓவியர்களிலும் கனபேர் புலம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள், ஊர்ப்பெயரை வெட்டி அமெரிக்கப் பெயராக்கிக்கொண்டவர்கள், அயலவர் கேட்டால் "விளம்பரப் படம் கீறுகிறேன்" என்று சொல்லித் தொழிலை ஒளித்தவர்கள் என்று. அவர்கள் தங்கள் தொழிலை ஒளித்தார்கள். நான் என் பிள்ளையின் தொழிலை ஒளித்தேன். அவர்களுக்காவது வயிற்றுப்பாடு என்று ஒரு சாட்டு இருந்தது. எனக்கு இருந்தது சரசக்கா மட்டும்தான். அவவும் 'டொக்டர்' பட்டம் என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அது கிடைத்த நாளில் இருந்து முழங்கால் வலிக்கு உன்னிடம் மருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா.

இனி அட்டைக்கு வருகிறேன். பிரான்ட் ஐயாவை முதன்முதலில் நீ எங்களுக்குக் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வீடு முழுக்கப் பழைய சித்திரக்கதை. யுத்தம் முடிந்தபின் ஸ்டுட்கார்ட் பக்கம் அவருடைய தாயார் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு உடுப்புத் தோய்த்துக் கொடுத்தாராம், அவர்கள் வாசித்துவிட்டு எறிந்த புத்தகங்களில்தான் அவர் ஆங்கிலம் படித்தாராம். பிறகு இளவட்டமாக இருந்தபோது ஒரு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்க, அங்கே குப்பைக்குப் போக இருந்த, தடித்த அட்டையில் கீறிய ஒரு மூலப்படத்தை உறையில் போட்டு அனுப்பிவிட்டார்களாம். கீறினவனைக் கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள். கீறினவனுக்குப் படம் திரும்பிப் போவதில்லை, பெயரும் போடுவதில்லை, ஒருவன் பென்சிலில் கீற இன்னொருவன் மையிட வேறொருவன் எழுத்து எழுத, யார் எதைச் செய்தார்கள் என்று இன்றைக்கும் உங்களைப் போன்றவர்கள் பூதக்கண்ணாடியோடு தேடுகிறீர்கள். அப்படி ஒரு பெயரில்லாத மனிதனின் கையில் இருந்து மிஞ்சிய ஒரே ஒரு அட்டை. அதைத்தான் நீ அவரிடம் கெஞ்சி இரவல் வாங்கியிருந்தாய்.

அந்தக் கிழமை பார்த்து, நீ படித்துக்கொண்டிருந்த டோர்ட்மண்டில் உன் அறைக்கு மேல்வீட்டில் தண்ணீர்க்குழாய் வெடித்தது. நீ அட்டையைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தாய். கையில் வெள்ளைக் கையுறை. "அம்மா, இது என்ர படிப்பு. திங்கள் வந்து எடுக்கிறன். சாமி மாதிரிக் கவனமா வைச்சிருங்கோ" என்றாய். அது சரஸ்வதி பூசை நாள். நீ மறந்திருந்தாய், நான் மறக்கவில்லை. வீட்டில் இருக்கிற படிப்பெல்லாம் அன்றைக்குக் கும்பத்துக்கு முன்னால் அடுக்கப்படும். என்னுடைய பராமரிப்புப் பயிற்சிப் புத்தகம், அப்பாவின் சாரதி அனுமதிப்பத்திரம், உன் பழைய லத்தீன் அகராதி, எல்லாம் இருக்கும்போது பிள்ளையின் உண்மையான படிப்பை அலுமாரிக்குள் வைப்பது என்ன நியாயம்? இந்த வீட்டில் சாமியறையைவிடப் பாதுகாப்பான இடம் எது? இன்றைக்கும் அந்த யோசனையில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. குற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உறையில் இருந்து அட்டையை எடுத்தேன். நீ ஒருநாளும் எனக்கு முன்பக்கத்தைக் காட்டியதில்லை. ஏன் காட்டவில்லை என்பது பார்த்ததும் விளங்கியது. கல்லறைக்குள் இருந்து ஒரு பிணம் எழும்பி, நாக்கைத் தள்ளிக்கொண்டு, கோட்டுச் சூட்டுப் போட்ட ஒருவனின் கழுத்தைப் பிடிக்கிறது. மயிர் மயிராகக் கீறியிருக்கிறான், கெட்டிக்காரன். ஆனால் வெள்ளைத் தாமரையில் வீணையோடு இருக்கிற மனிசியின் முகத்துக்கு நேரே இதை எப்படி வைப்பது? அதனால் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கம் வெறும் பக்கம், பழைய பழுப்பு, ஒரு மங்கிய முத்திரை. மற்றப் புத்தகங்களுக்கு வைத்ததைப் போலவே வலது மேல்மூலையில் சந்தனம் தொட்டு, அதற்கு மேல் குங்குமம் வைத்தேன். பழக்கத்தில் கை தானாகப் போனது. வைத்துவிட்டு, "என்ர பிள்ளை இதில மேலே வரவேணும் தாயே" என்று கும்பிட்டேன். அந்தப் பிரார்த்தனை பலித்த விதத்தை இனித்தான் வாசிக்கப்போகிறாய்.

பூசை முடிந்து எடுக்கும்போதுதான் உன் வெள்ளைக் கையுறை நினைவுக்கு வந்தது. தொடுவதற்கே கையுறை போடுகிற சாமானில் நான் சந்தனம் பூசியிருக்கிறேன். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "இஞ்சேரும், இது புத்தகமில்லை, இது அந்தக் காலத்துக் கையால கீறினது, என்னப்பா செய்துவைச்சிருக்கிறீர்?" என்றார். பிறகு குசினிக்குப் போய்க் காலைச் சாப்பாட்டுப் பாண் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். வெள்ளைப் பாணின் மெதுமெதுப்பான உள்பக்கத்தை உருண்டையாக்கி ஒற்றினால் கறை போகும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறாராம். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் ஒற்றினோம். குங்குமத்தூள் போனது. ஊறின சந்தனத்தோடு சேர்ந்த சிவப்பு போகவில்லை. ஒரு விரல்நுனி அளவில், ரேகை தெரிய, அழகாகத் தங்கிவிட்டது. திங்கள் நீ வந்து, உறையைத் திறந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு, "தாங்ஸ் அம்மா" என்று கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாய். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நீ கோபிப்பாய் என்ற பயம்.

மூன்று கிழமை கழித்து நான் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கிறேன், நீ தொலைபேசியில் கத்துகிறாய். "அம்மா, ஒரு பெரிய சாமான் கண்டுபிடிச்சிட்டன்! அட்டைக்குப் பின்னால ஒரு விரல் அடையாளம் இருக்கு!" அதற்கு முன் நீ முன்பக்கத்தை மட்டும்தான் படம் பிடித்து வைத்திருந்தாயாம். அந்தக் காலத்தில் நிறம் தீட்டுபவர்கள் மூலப்படத்தைத் தொடுவதே இல்லை, அதைச் சிறிதாகப் படமெடுத்த பிரதியில்தான் வேறிடத்தில் இருந்து தீட்டுவார்கள் என்றாய். அவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெயர் எங்குமே இல்லை என்றாய். மூலத்தில் சிவப்பு விரல் இருக்கிறது என்றால் ஒரு பெண் அதே அறையில், அதே மேசையில் இருந்திருக்கிறாள், இது யாருக்கும் தெரியாத விஷயம் என்றாய். உன் குரலில் இருந்த சந்தோசத்தை நான் என்ன செய்வேன்? "ஆ, அப்பிடியே?" என்றேன். அந்த ஒரு சொல்லுத்தான் முழுப் பூசணிக்காய். இரண்டு வருடமாக அதைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பிரான்ட் ஐயா காட்டிக்கொடுத்துவிடுவார் என்று. அறுபது வருடமாக அட்டையை வைத்திருப்பவர், பின்பக்கம் வெறுமையாக இருந்ததே என்று சொல்லாமலா விடுவார்? அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமே? "ஓ, அந்த அடையாளமா, படம் கைக்கு வந்த நாளிலேயே அதைக் கவனித்தேன்" என்றாராம். அதை நீ அடிக்குறிப்பிலும் போட்டுவிட்டாய். இத்தனை வருடம் வைத்திருந்தும் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கம். எனக்கு ஒரு வெட்கம், அவருக்கு ஒரு வெட்கம், நடுவில் நீ கலாநிதி ஆகிவிட்டாய்.

உன் வாய்மொழிப் பரீட்சை அன்று நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். நான் காஞ்சிபுரம் கட்டியிருந்தேன். நீ விளக்கை அணைத்து, திரையில் அந்த அடையாளத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினாய். என் ரேகை, மகனே. ஒவ்வொரு கோடாக. சட்டி சுட்ட தழும்புகூட ஓரத்தில் தெரிந்தது. பேராசிரியர்கள் ஐந்து பேர் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அறிந்தேன். அப்பா என் தொடையில் கிள்ளி, "வாயைத் திறக்காதையும், பிள்ளை பட்டம் வாங்கட்டும்" என்றார். நீயோ, விரலின் சிறிய அளவை வைத்துப் பார்த்தால் இது ஒரு பெண்ணுடையது, கடுமையாக வேலை செய்த பெண், அனேகமாக ஆட்காட்டி விரல் என்றாய். எல்லோரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். நானும் முன் கதிரையின் முதுகைத் தட்டினேன், மற்றக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

இப்போது என்னவென்றால், அந்த நிறத்தை அமெரிக்காவில் ஒரு ஆய்வுகூடத்தில் சோதிக்கப்போகிறார்களாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சந்தனமும் என்று முடிவு வரும். உன்னை எனக்குத் தெரியும். அப்போதும் உனக்கு என் நினைவு வராது. ஐம்பதுகளில் நியூயோர்க் ஓவியர்கள் மஞ்சள் அரைத்தார்கள் என்று இன்னொரு அத்தியாயம் எழுதுவாய். அதற்கு முன்னால் சொல்லாவிட்டால் நான் உன் தாய் இல்லை. அப்பாவுக்கு வேறு கருத்து. "ஆருக்கு நட்டம்? செத்துப்போன ஆக்களைப் பற்றின விஷயம்தானே" என்கிறார். அவருக்கு உன் பட்டத்துக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது. பொய்யான ஒரு பெண்ணை நீ அந்த மேசையில் இருத்திவிட்டால், உண்மையாக இருந்தவளை இனி ஒருவரும் தேடமாட்டார்கள். நீயே எழுதியிருக்கிறாய், அச்சுத்தகடு செய்த இடங்களில் வரிசையாக இருந்து நாள் முழுக்க நிறம் பிரித்த பெண்கள் இருந்தார்கள் என்று. முதுகு நொந்து, கண் நொந்து, பிள்ளைகளுக்குச் சமைக்க வீட்டுக்கு ஓடினவர்கள். அந்தக் கதிரை அவர்களுடையது. நான் தெரியாமல் போய் அதில் இருந்துவிட்டேன். எழும்பி வழிவிடுவதுதான் மரியாதை. நீ அங்கே போய்ப் பழைய பெட்டிகளைத் திறந்து ஒரே ஒரு பெண்ணின் பெயரையாவது கண்டுபிடி. அந்தப் பேச்சுக்கு நான் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து முன்வரிசையில் இருப்பேன்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இன்றைக்கு இல்லை, என்றாலும் தாய்க்கு வாய் சும்மா இருக்காது. ஒரு கறையைப் பார்த்தால் அதற்கு அர்த்தம் தேடுவதற்கு முன்னால், அந்த நேரம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேள். இரவல் சாமானை என்னிடம் தராதே. பிரான்ட் ஐயாவிடம் நானே போய்ச் சொல்கிறேன். வியாழன் பின்னேரம் அவரைச் சந்திக்க டெர்மின் வாங்கிவிட்டேன், ரோல்ஸ் இருபது சுடுகிறேன். கோயிலில் சரசக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், "அக்கா, என்ர மகன் படக்கதை கீறினவையளைப் பற்றித்தான் படிச்சவன், முழங்காலுக்கு வேற ஆளைப் பாருங்கோ" என்று. அவ உடனே, தன் பேரன் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய அந்தப் புத்தகம் வைத்திருக்கிறான், எறிவதா வைப்பதா என்று கேட்டா. கை வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. புத்தகத்தை எங்களுக்குச் சமர்ப்பணம் செய்வாய் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். நீ அனுப்பிய பிரதியின் முதல் பக்கத்தில், "இந்த விரலை வைத்த, பெயர் தெரியாத பெண்ணுக்கு" என்று இருந்தது. ஒரு கிழமை எனக்கு மனவருத்தம். பெற்று வளர்த்தவளை விட்டுவிட்டு எவளோ ஒருத்திக்கு என்று அப்பாவிடம் புறுபுறுத்தேன். உண்மை உறைத்தபோது கையில் இருந்த தோசைக்கரண்டியோடு நின்று அழுதேன். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடு. அந்தச் சமர்ப்பணத்தை என்ன செய்வதென்று நீயே யோசி. எடுத்தாலும் எனக்கு மனவருத்தம் இல்லை, ஒருதரம் வாசித்துவிட்டேன்.

ஆய்வுகூடத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டும் என்பாய். கீழே வைத்திருக்கிறேன். அதே குங்குமச் சிமிழ், அதே சந்தனம், அதே மோதிர விரல். உன் ஓவியர்களைப் போலப் பெயரில்லாமல் விடாமல், இந்தமுறை பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா